காற்று எவ்வளவு மிச்சம்? கேஜும் டிரான்ஸ்மிட்டரும் ஏமாற்றும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே சிலிண்டரோடு கடலில் இறங்குகிறவர்களிடம் ‘மிச்சக் காற்றைப் பார்க்க ஒரு கருவி போதுமா, இரண்டு வேண்டுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே பேச்சு, சிலிண்டரின் அழுத்தத்தைக் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டருக்குக் கம்பியில்லாமல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் விலைக்குப் போய்விடும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கையில் இருக்கும் கருவி கெட்டால், அது கெட்டது நமக்குத் தெரியுமா?

ஹோஸ் வெடித்தால் தெரியும். கம்ப்யூட்டர் திரை அணைந்தால் தெரியும். அழுத்தம் காட்டும் கேஜுக்குள் தண்ணீர் புகுந்து முள்ளே மறைந்தாலும் தெரியும். டைவை அங்கேயே முடித்து, கூட வந்தவரோடு மேலே வந்துவிடலாம். ஆனால் முள் 30 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) சிக்கி நிற்பது, ஹோஸ் முனையிலுள்ள நுண்துளை அடைத்துக்கொண்டு பழைய அழுத்தத்தையே காட்டுவது, வால்வு அரைகுறையாகத் திறந்திருப்பது, திரையில் அடுத்தவர் சிலிண்டரின் எண் ஓடுவது, இதெல்லாம் தெரியாது. இரண்டாவது கருவி என்று எதை மாட்டினாலும், இந்தத் தெரியாத கோளாறுகளை அது காட்டிக் கொடுக்குமா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

முள் கேஜ்

முள் கேஜின் உள்ளே இருப்பது அரைவட்டமாக வளைந்த, ஒரு முனை அடைபட்ட, தட்டையான உலோகக் குழாய். போர்டன் குழாய் என்பார்கள். அழுத்தம் ஏறினால், திருவிழாவில் குழந்தைகள் ஊதும் காகிதச் சுருள் மாதிரி அது கொஞ்சம் நிமிரும். அந்தச் சின்ன அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகிறது. பேட்டரி இல்லை, சிக்னல் இல்லை, கெடுவதற்கு அதிகம் எதுவும் இல்லை. இது வருவதற்கு முன் ஜே-வால்வு வைத்த சிலிண்டரோடுதான் இறங்கினார்கள். காற்று ஏறத்தாழ 20 முதல் 40 பாருக்குள் வரும்போது மூச்சு இறுகும். பக்கத்திலுள்ள கம்பியை இழுத்தால் மிச்சக் காற்று வரும். கம்பி ஏற்கெனவே எங்கோ இடித்து இறங்கியிருந்தால் மூச்சு இறுகுவதும் கிடையாது, மிச்சமும் கிடையாது. அந்தக் காலத்துக்காக ஏங்கும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஏங்க அதில் ஒன்றும் இல்லை.

முள் கேஜ் பொய் சொல்லும் முதல் வழி அடிபடுவது. ரப்பர் டக் எனும் காற்றடைத்த படகு அலையை ஏறி விழும்போது சரியாகக் கட்டாத கேஜ் பக்கத்துச் சிலிண்டரில் மோதும். கண்ணாடி உடைந்தால் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். உள்ளே முள்ளின் அச்சு லேசாக வளைந்தால் வெளியே எதுவும் தெரியாது. காற்றே இல்லாதபோது முள் பூச்சியத்தில் உட்காராமல் 10-லோ 20-லோ நிற்கும், அவ்வளவுதான். சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் ரெகுலேட்டர் சும்மா தொங்கும்போது கேஜைப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லாததால் இது மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகும்.

20 பார் பிழை என்றால் எவ்வளவு? 12 லிட்டர் சிலிண்டரில் 240 லிட்டர் காற்று. மேற்பரப்பில் நிமிஷத்துக்கு 18 லிட்டர் மூச்சுவிடுகிறவர் அழுத்தம் 3.5 மடங்காகும் 25 மீட்டரில் நிமிஷத்துக்கு 63 லிட்டர் எடுப்பார். ஆகவே ஏறத்தாழ நாலு நிமிஷக் காற்று இருப்பதாகக் காட்டும், இருக்காது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரில் சிலிண்டரோடு சேரும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சுற்றுநீரின் அழுத்தத்துக்கு மேல் சுமார் 9 முதல் 10 பார் வைத்துத்தான் மூச்சுக்கான ஹோஸுக்கு அனுப்பும். 30 மீட்டரில் சுற்றழுத்தம் 4 பார். சிலிண்டர் 13, 14 பாருக்கு வரும்போதே மூச்சு இறுகத் தொடங்கிவிடும். 50 காட்டும் கேஜில் உண்மை 30 என்றால், அந்த ஆழத்தில் கைக்கு வருவது பதினாறு பார்தான். ‘20 கழித்துப் படித்துக்கொள்கிறேன்’ என்று அதே கேஜோடு இறங்குகிறவர்கள் உண்டு. பூச்சியத்தில் உள்ள பிழை 100-லும் 200-லும் அதே அளவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. அந்தக் கேஜைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது வழி இன்னும் நைச்சியமானது. கேஜுக்குப் போகும் ஹை பிரஷர் ஹோஸ் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சேரும் முனையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். ஹோஸ் வெடித்தால் காற்று கொட்டாமல் மெல்லப் போவதற்காக வைத்தது. சிலிண்டர் வால்வில் தண்ணீர்த் துளி இருக்கும்போது ரெகுலேட்டரை மாட்டினால் அந்த உப்புத்தண்ணீர் உள்ளே போகும். பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். துளை பாதி அடைபடும். பிறகு கேஜ் சோம்பேறியாகிவிடும். சிலிண்டர் 90-க்கு வந்திருக்கும். முள் 120-ல் தயங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு கோளாறையும் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். கேஜின் முகத்தை உடம்பை விட்டுத் திருப்பி, சிலிண்டர் பக்கமாகப் பிடித்துக்கொண்டு வால்வை மெல்லத் திறக்க வேண்டும். கண்ணாடி பிய்த்துக்கொண்டு வந்தாலும் முகத்தில் அடிக்காது. பிறகு வால்வை முழுக்க மூடி, மௌத்பீஸ் வழியே காற்றை வெளியே விடும் பர்ஜ் பட்டனை லேசாக அழுத்திக்கொண்டு முள்ளைப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் இறங்கிப் பூச்சியத்தில் உட்கார வேண்டும். இடையில் குதித்தால் அச்சில் பிரச்சினை. பர்ஜ் பட்டனில் காற்று நின்ற பிறகும் முள் தாமதமாக இறங்கினால் துளையில் அடைப்பு. மறுபடி வால்வைத் திறக்கும்போது ஓரிரண்டு வினாடிக்குள் முள் மேலே போய் நிற்க வேண்டும். இதைக் கரையிலேயே செய்யுங்கள். அலையில் ஆடும் படகில் யாரும் செய்யமாட்டார்கள்.

கேஜும் ஹோஸும் சேருமிடத்தில் சரம் சரமாகக் குமிழி வருவதுதான் எல்லோரும் அடிக்கடி பார்க்கும் கோளாறு. அங்கே சிறு குழாய்த்தண்டு ஒன்று இருக்கும். இரு முனையிலும் 003 அளவு ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். அழுத்தம் ஏறியிருக்கும்போது கேஜை இப்படியும் அப்படியும் திருகுவதால் அவை தேய்கின்றன. மாற்ற ஐந்து நிமிஷம் ஆகும். வால்வை மூடி, காற்றை முழுக்க வெளியேற்றி, ஒரு ஸ்பானரால் கேஜின் கழுத்தைப் பிடித்து, இன்னொன்றால் ஹோஸ் நட்டைத் திருப்புங்கள். ஒரே ஸ்பானரை வைத்துக்கொண்டு கேஜின் உடலைக் கையால் பிடித்துத் திருகினால் போர்டன் குழாயே முறுக்கிக்கொள்ளும். இரண்டு ஓ-ரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். கிரீஸ் பளபளப்புக்கு மட்டும் போதும். ஆக்சிஜன் கூடுதலான நைட்ராக்ஸ் கலவை பயன்படுத்துகிறவர்கள் சாதாரண சிலிக்கான் கிரீஸ் போடாமல் ஆக்சிஜனுக்கு ஏற்றதைப் போடுங்கள். நட்டைக் கையால் இறுக்கிய பிறகு ஸ்பானரால் ஒரு சின்ன அழுத்தம், அதற்கு மேல் வேண்டாம்.

கேஜுக்கு மாட்டும் ரப்பர் உறையைப் பலர் ஆண்டுக்கணக்கில் கழற்றுவதே இல்லை. கழற்றினால் உள்ளே உப்பு கட்டி, உலோகம் அரித்திருக்கும். ஹோஸ் முனையின் ரப்பர் காப்பும் அப்படித்தான். பின்னால் தள்ளிவிட்டுப் பாருங்கள், பச்சை தெரிந்தாலோ ஹோஸ் உப்பியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

ஹை பிரஷர் ஹோஸ் வெடித்தால் சத்தமும் குமிழியும் பயங்கரமாக இருக்கும். ஆனால் அந்த ஊசித்துளையின் புண்ணியத்தில், மூச்சுக்குக் காற்று கொண்டுபோகும் லோ பிரஷர் ஹோஸ் வெடிப்பதைவிட இதில் காற்று மிக மெதுவாகத்தான் போகும். துணையை அழைத்து, சாதாரண வேகத்தில் மேலே வர நேரம் இருக்கும். பதறி விருட்டென்று ஏறுவதுதான் அங்கே உண்மையான ஆபத்து.

வால்வு

கேஜ் சரியாக இருந்தும் ஏமாற்றும் இடம் இது. டைவ் படகுகள் கிளம்பும் அம்கோமாஸில் ஆற்று முகத்துவாரத்திலிருந்து அலையை உடைத்து வெளியேறுவதற்கு முன் சிலிண்டர்களைப் படகின் நடுவில் கட்டுவார்கள். ஒருவர் கரையில் வால்வைத் திறந்து பார்த்திருப்பார். வழியில் ஹோஸ் வெடிக்கக் கூடாது என்று இன்னொருவர் மூடியிருப்பார். ரீஃபுக்கு வந்ததும் படகோட்டும் அங்கிள் அவசரமாகத் திறந்துவிடுவார். நீரோட்டம் இழுக்கும் நாளில் மேலே மிதந்து நிற்க நேரம் கிடையாது. பின்பக்கமாக உருண்டு விழுந்ததும் நேராக இறங்க வேண்டியதுதான்.

முழுக்கத் திறந்து கால் சுற்றுப் பின்னால் திருப்பும் பழைய வழக்கம் இங்கே வம்பாகிறது. ஏற்கெனவே திறந்திருந்ததை மூடிவிட்டு, கால் சுற்றுத் திறந்துவிட்டால் வால்வு கால் சுற்றுதான் திறந்திருக்கும். படகில் முள் 210 காட்டும். மூச்சும் வரும். 27 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் 3.7 மடங்கு காற்று வேண்டும். அங்கேதான் மூச்சு இறுகும், முள் அப்போதும் 180 காட்டும். வால்வு முழுக்கத் திறந்திருக்கட்டும், கால் சுற்று வேண்டாம் என்பதே எங்கள் கட்சி.

இதற்கான சோதனை, மௌத்பீஸை வாயில் வைத்துக் கேஜைப் பார்த்துக்கொண்டே நாலைந்து ஆழமான மூச்சு இழுப்பது. முள் ஆடக் கூடாது. இழுக்கும்போது இறங்கி, விடும்போது ஏறினால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை, அல்லது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயிலுள்ள ஃபில்டர் அடைத்திருக்கிறது. பர்ஜ் பட்டனை அழுத்திப் பார்ப்பது இதற்கு ஈடாகாது; பலரும் கேஜைப் பார்க்காமலே அழுத்துவார்கள். டிரான்ஸ்மிட்டர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை சரிவராது. திரையில் எண் சில வினாடிக்கு ஒருமுறைதான் மாறும் என்பதால் அந்த ஆட்டம் கண்ணில் படாமலே போகலாம். முள் கேஜைக் கைவிடாததற்கு எங்களுக்கு இந்தக் காரணமே போதும்.

டிரான்ஸ்மிட்டர்

ரேடியோ அலை தண்ணீரில் நெடுந்தூரம் போகாது. அதனால் இந்தக் கருவிகள் குறைந்த அதிர்வெண்ணில், ஒரு கை நீளத் தூரத்துக்கு மட்டும் பேசும். இடப்பக்கம் டிரான்ஸ்மிட்டர் இருந்து, வலது கையில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு, நீரோட்டத்தில் கையை நீட்டிப் பாறையைப் பிடித்தால் எண் போய்விடும். ஒரே பக்கம் வைத்தால் பாதித் தொல்லை தீரும். பக்கத்தில் கேமரா ஃபிளாஷ் அடித்தாலும், ஆளை இழுத்துப்போகும் நீரடி மோட்டார் ஸ்கூட்டர் ஓடினாலும் எண் சிறிது நேரம் தவறும். குளிர்காலத்தில் அம்கோமாஸுக்கு எதிரே கடலிலுள்ள அலிவால் ஷோல் பாறைத்திட்டுக்கு ‘ராகி’ எனப்படும் ராகட்-டூத் சுறாக்களைப் படமெடுக்க வருகிறவர்களிடமிருந்துதான் இந்தப் புகாரை அதிகம் கேட்கலாம்.

எண் மறைந்துபோனால் நல்லது, கோளாறு தெரிந்துவிடும். சில மாடல்களில் கடைசியாக வந்த எண் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். நிறம் மாறியோ மின்னியோ மட்டும் எச்சரிக்கும். உங்கள் கம்ப்யூட்டர் இதில் எந்த வகை என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ரெகுலேட்டரில் காற்றை ஏற்றி, கம்ப்யூட்டரை அடுத்த அறைக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். எத்தனை வினாடி பழைய எண் நிற்கிறது, பிறகு என்ன காட்டுகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தவர் சிலிண்டரின் எண் வருவது அரிது, ஆனால் நடக்கக்கூடியது. டிரான்ஸ்மிட்டர்களை மாற்றி மாற்றி இரவல் கொடுக்கும் நண்பர் கூட்டத்தில், ரெகுலேட்டர் ஒருவருடையது, கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் குறியீடு இன்னொருவருடையது என்றாகிவிடும். இருவருமே புதுச் சிலிண்டரோடு இறங்கினால் 205-க்கும் 210-க்கும் வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியும்? டிரான்ஸ்மிட்டரின் குறியீட்டை அதன் மேலேயே நெயில் பாலிஷால் எழுதிவையுங்கள். இணைக்கும் வேலையை வீட்டில் முடித்துவிடுங்கள், பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் படகில் வேண்டாம்.

பேட்டரி சிலவற்றில் சிஆர்2, சிலவற்றில் சிஆர்123. ‘பேட்டரி குறைவு’ என்று திரை சொன்ன பிறகு இன்னொரு டைவ் தாங்கும் என்று சூதாடாதீர்கள். ரெகுலேட்டரில் காற்றை ஏற்றி இரவு முழுக்க அப்படியே விட்டால் சில மாடல்களில் டிரான்ஸ்மிட்டர் தூங்காமல் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். மூடியைத் திறக்கும்போது அங்குள்ள ஓ-ரிங்கில் ஒரு மணல் துகள் இருந்தாலும் அடுத்த டைவில் உள்ளே தண்ணீர். சிலிண்டரைத் தூக்கும்போது டிரான்ஸ்மிட்டரைக் கைப்பிடியாகப் பிடிக்கும் உதவியாளர்கள் எல்லாக் கரையிலும் உண்டு. படகில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அல்லது குட்டையான ஹை பிரஷர் ஹோஸ் ஒன்றில் மாட்டி உள்பக்கமாக மடக்கிவிடுங்கள்.

இரண்டும் சேர்ந்தால்

டிரான்ஸ்மிட்டருடன் ஒரு சின்ன முள் கேஜையும் மாட்டினால் கசியக்கூடிய இடங்கள் கூடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு விதமாக வேலை செய்பவை, ஆகவே வெவ்வேறு விதமாகக் கெடுபவை. ஒன்றின் பொய்யை மற்றது காட்டிக் கொடுக்கும். ஒரே மாதிரி இரண்டு முள் கேஜ் மாட்டினால் இந்தப் பலன் பாதிதான்.

ஒப்பிடுவதை ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். நிரம்பிய சிலிண்டரில் மாட்டி, திறந்து, இரண்டு எண்ணையும் குறியுங்கள். வால்வை மூடி, பர்ஜ் பட்டனை மிக லேசாகத் தொட்டு 150, 100, 50, 20 என்று நிறுத்தி நிறுத்திக் குறியுங்கள். ஹோஸுக்குள் இருக்கும் காற்று மிகக் கொஞ்சம் என்பதால் சட்டென்று இறங்கும், பொறுமை வேண்டும். டிரான்ஸ்மிட்டருக்கு ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிஷம் கொடுங்கள். 200-ல் பத்து பார் வேறுபாடு பெரிய விஷயமில்லை. 50-ல் ஐந்துக்கு மேல் வேறுபட்டால், சிலிண்டர் நிரப்பும் இடத்திலுள்ள நல்ல கேஜோடு ஒப்பிட்டு எது பொய் என்று கண்டுபிடியுங்கள். கீழ்ப்பக்க எண்தான் முக்கியம். மேல்பக்கத்துக்காகச் சண்டை போட வேண்டாம்.

தண்ணீருக்கடியில் இரண்டும் வேறு வேறு எண் காட்டினால் குறைவாகக் காட்டுவதை நம்புங்கள், அதை வைத்து மேலே வாருங்கள். எது சரி என்ற ஆராய்ச்சி படகில் நடக்கட்டும். இரண்டு கருவி வைத்திருந்தாலும் சிலிண்டர் ஒன்றுதான் என்பதையும் மறக்க வேண்டாம். காற்றுக்கான மாற்று, கூட வருகிறவரின் சிலிண்டர். அல்லது தனியாக ஒரு சின்னச் சிலிண்டரும் தனி ரெகுலேட்டரும்.

கணக்கு

பேட்டரியும் ஹோஸும் இல்லாத ஒரு கேஜ் தலைக்குள் இருக்கிறது. மேற்பரப்பில் நிமிஷத்துக்கு 18 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12 லிட்டர் சிலிண்டரில் அது 1.5 பார். 20 மீட்டரில் மூன்று மடங்கு, 4.5 பார், பத்து நிமிஷத்தில் 45. 30 மீட்டரில் நிமிஷத்துக்கு 6 பார். கேஜைப் பார்ப்பதற்கு முன் மனசுக்குள் ஒரு எண் சொல்லிக்கொண்டு பிறகு பாருங்கள். ‘130 இருக்கணும்’ என்று நினைத்து 125 பார்த்தால் சரி. 160 பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள். காற்று எங்கிருந்தும் கூடாது, முள்தான் நின்றிருக்கிறது. 95 பார்த்தால் கசிவு, அல்லது பயத்தில் மூச்சு வேகம் கூடியிருக்கிறது.

இங்கே வாடகைக்குக் கிடைப்பவை 10, 12, 15 லிட்டர் என்று கலந்து வரும். 12-க்குப் பழகியவர் கவனிக்காமல் 10 லிட்டரை மாட்டினால் அதே ஆழத்தில் 1.2 மடங்கு வேகமாக முள் இறங்கும். சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் கொள்ளளவைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

‘50 பாரோடு படகுக்கு வந்தால் போதும்’ என்பது ஆழம் குறைந்த ரீஃபுக்குச் சரி. 1974-ல் மூழ்கிய ‘புரொடியூஸ்’ கப்பல் அலிவால் ஷோல் பக்கம் ஏறத்தாழ 30 மீட்டரில் கிடக்கிறது. அங்கே துணைக்குக் காற்றுப் போய்விட்டால் இருவரும் ஒரே சிலிண்டரில் ஏற வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60. சமாளித்துக்கொள்ள ஒரு நிமிஷம் 4 பாரில்: 240 லிட்டர். மூன்று நிமிஷம் ஏறுவதற்குச் சராசரி 2.5 பாரில்: 450. ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்பதற்கு: 270. மொத்தம் 960 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது 80 பார். 10 லிட்டரில் 96. ஆகவே அந்த ஆழத்தில் கேஜ் 80 காட்டும்போதே தளத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். ஷெல்லி பீச்சிலிருந்து புரோட்டியா பேங்க்ஸ் என்ற ஆழமான ரீஃபுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் கட்டாயம். அங்கே நீரோட்டத்தோடு மிதந்தபடியே ஏற வேண்டும், பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

சூடும் ஒரு பொய் சொல்லும். கரையில் வெயிலில் 40 டிகிரிக்குக் காய்ந்த சிலிண்டர் 220 காட்டினால், 22 டிகிரித் தண்ணீரில் இறங்கியதும் ஒரு மூச்சுகூட எடுக்காமல் 207 ஆகும். கசிவு என்று பதற வேண்டாம். ஆனால் திட்டத்தைப் போட 207-ஐத்தான் எடுக்க வேண்டும்.

நம் ஆட்களிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வயதில் மூத்தவர் முன்னால் போகும்போது இளையவர் ‘அண்ணா, எனக்குக் காற்று கம்மி’ என்று சைகை காட்டத் தயங்குவார்; மற்றவர்களின் டைவையும் கெடுப்பதாக நினைப்பார். அதனால் மூத்தவரே ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். பதிலும் ‘ஓகே’ என்ற வட்டமாக இருக்கக் கூடாது, எண்ணாக இருக்க வேண்டும். கேட்பவர் தன் கணக்கில் இருந்த எண்ணோடு அதை ஒப்பிட்டால், தம்பியின் கேஜுக்கும் ஒரு சோதனை நடந்துவிடும்.

கரைக்கு வந்ததும் ரெகுலேட்டர் வாய்க்கு மூடி போட்ட பிறகுதான் நன்னீரில் ஊறவைக்க வேண்டும்; மூடியைப் போடுமுன் துடைத்து உலர்த்துங்கள், ஊதினால் ஈரம் உள்ளே போகும். உதிரிப் பெட்டியில் கேஜுக்கான குழாய்த்தண்டு ஒன்று, 003 ஓ-ரிங் நாலு, ஹை பிரஷர் துளைக்கான 904 ஓ-ரிங் இரண்டு, அந்தத் துளையை அடைக்கும் பிளக் ஒன்று, சரியான பேட்டரி, இரண்டு ஸ்பானர் போதும். டிரான்ஸ்மிட்டர் தகராறு செய்தால் கழற்றி, பிளக்கைப் போட்டு, முள் கேஜோடு அன்றைய டைவை முடிக்கலாம். முள் கேஜ் மட்டும் இருந்து அதுவே தகராறு செய்தால் அன்றைக்குப் படகில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கழித்த கேஜைக் கராஜில் போட்டுவைக்காதீர்கள். என்றைக்காவது மச்சானுடைய ரெகுலேட்டரில் ஏறிவிடும். கண்ணாடியை உடைத்து, முள்ளைப் பிடுங்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.